அடைத்த நிலமா, அடைந்த நிலமா?

சென்ற தை மாதம் பண்ருட்டியிலிருந்து என் அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பேத்தியின் கல்யாணப் பத்திரிகை அனுப்ப விலாசம் வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர்கள், எங்கள் குடியிருப்பின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். "ஏம்ப்பா, நகர்னு சொல்றீங்க, விகார்னு சொல்றீங்க, அதெல்லாம் புரியுது. இது என்ன என்க்ளேவ்?" முப்பது வருஷத்துக்கு மேல் தில்லிவாசி நான். அந்தச் சொல்லை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். பதில் சொல்லத் தெரியவில்லை. "காலனி மாதிரி ஒண்ணு அத்தை" என்று சமாளித்தேன். "அப்ப காலனின்னே எழுதிடறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

தில்லித் தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. சஃப்தர்ஜங் என்க்ளேவ் இருக்கிறது, கிரேட்டர் கைலாஷ் என்க்ளேவ் இருக்கிறது. சாணக்கியபுரியை டிப்ளமேட்டிக் என்க்ளேவ் என்றே ஆட்டோக்காரர்கூடச் சொல்வார். (தூதரகக் கட்டடம் அந்தந்த நாட்டு மண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி அனுமதியின்றி நம் அதிகாரிகள் உள்ளே நுழையக்கூடாது, அவ்வளவுதான். மண் இந்திய மண்தான்.) வீட்டுமனை விற்பவர்கள் மதில் எழுப்பி, வாசலில் ஒரு காவலாளியை நிறுத்திவிட்டால் அது என்க்ளேவ் ஆகிவிடுகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கு நாடுகளின் வரலாற்றில் வேறொரு பொருள் உண்டு. அந்தப் பொருளோடு எங்கள் குடும்பத்துக்கே ஒரு பழைய சம்பந்தம் உண்டு என்பது, அத்தையின் கேள்விக்குப் பிறகு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. இது பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 'அன்க்ளவே' என்ற பழைய பிரெஞ்சு வினையின் அடியில் இருப்பது 'கிளாவிஸ்' என்ற லத்தீன் சொல். கிளாவிஸ் என்றால் சாவி. ஆக, உள்ளே வைத்துப் பூட்டியது என்பது மூலப் பொருள். ஒரு நாட்டின் நிலப்பகுதி முழுக்க முழுக்க வேறொரே நாட்டின் நிலத்தால் சூழப்பட்டிருந்தால் அது என்க்ளேவ். 'ஒரே' என்பது முக்கியம். ஒரு பக்கம் கடல் இருந்தாலும் கணக்கில் வராது, இரண்டு நாடுகள் சேர்ந்து சூழ்ந்தாலும் வராது. நம் தில்லியையே மாநில அளவில் வைத்துப் பாருங்கள். 1912 அக்டோபர் 1-ஆம் தேதி பஞ்சாபிலிருந்து பிரித்துத் தனி மாகாணமாக்கினார்கள். இன்று மூன்று பக்கம் ஹரியானா, கிழக்கே உத்தரப் பிரதேசம். இருவர் சூழ்ந்திருப்பதால் தில்லிக்கு அந்தப் பட்டம் கிடையாது! தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் இருக்கும் லெசோத்தோவுக்கு உண்டு, இத்தாலிக்கு நடுவே இருக்கும் சான் மரினோவுக்கும் வாடிகனுக்கும் உண்டு. இவை மூன்றும் தனி நாடுகள்.

இதற்கு எதிர்ச்சொல்லாக எக்ஸ்கிளேவ் என்று ஒன்றைப் பிற்பாடு உண்டாக்கினார்கள். தாய்நிலத்திலிருந்து பிரிந்து கிடக்கும் துண்டு என்பது அதன் பொருள். ரஷ்யாவின் கலினின்கிராடு அப்படிப்பட்டது. ஆனால் போலந்தும் லிதுவேனியாவும் பால்டிக் கடலும் சேர்ந்து சூழ்ந்திருப்பதால் அது என்க்ளேவ் ஆகாது. ஒரே நிலத்தைச் சூழ்ந்திருப்பவன் கண்ணால் பார்த்தால் ஒரு சொல், சொந்தக்காரன் கண்ணால் பார்த்தால் இன்னொரு சொல். உள்ளே குடியிருப்பவன் கண்ணுக்கு என்ன சொல் என்று இந்த இலக்கணம் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்ப்பதற்குத்தான் இக்கட்டுரை.

1993-இல் எனக்கு ஜல்பைகுரிக்கு மாற்றல் ஆயிற்று. மூன்று ஆண்டுகள் அங்கே. அலுவல் நிமித்தம் கூச்பிகார் மாவட்டத்தின் மேக்ளிகஞ்சுக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது. அங்கேதான் 'சிட்மஹல்' என்ற சொல்லை முதலில் கேட்டேன். நமக்கு மகால் என்றால் மதுரை திருமலை நாயக்கர் மகாலும் ஆக்ராவின் தாஜ்மகாலும்தான் நினைவுக்கு வரும். அரண்மனை எங்கே என்று நானும் அசட்டுத்தனமாகக் கேட்டேன். டீக்கடைக்காரர் சிரித்துவிட்டு, எதிரே இருந்த சணல் வயலைக் காட்டினார். பழைய வருவாய்க் கணக்கில் மஹல் என்றால் வரி வசூலிக்கும் நிலப்பகுதி. சிட் என்றால் சிதறிய துண்டு. வங்காளத்தில் வெட்டுத்துணிக்கும் சிட் என்பார்கள். நம் பாட்டிமார் சொன்ன சீட்டித் துணி, சீட்டிப் பாவாடை இருக்கிறதே, அதுவும் ஆங்கிலத்தின் சிண்ட்ஸும் இந்தியின் சீண்ட்டும் ஒரே குடும்பம். தெளித்த புள்ளிகள் போட்ட துணி என்று பொருள். வரைபடத்தைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். உண்மையிலேயே சீட்டித் துணியைப்போலத்தான் இருந்தது எல்லை.

இப்படி ஏன் ஆயிற்று என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். கூச்பிகார் மகாராஜாவும் ரங்கபூர் நவாபும் சதுரங்கம் ஆடினார்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் கிராமங்களைப் பந்தயம் வைத்தார்கள் என்று. வெள்ளைக்காரத் துரை படம் வரையும்போது மை தெளித்துவிட்டது என்று இன்னொரு கதை. கேட்கச் சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் ஆய்வாளர்கள் இவற்றை ஏற்பதில்லை. நடந்தது இவ்வளவு சுவாரசியமானதல்ல. மொகலாயப் படை கூச்பிகாரோடு பல்லாண்டுகள் மோதி, போடா, பாட்கிராம், பூர்வபாக் ஆகிய சக்லாக்களைப் பிடித்தது. அந்தப் பகுதிக்குள்ளேயே சில நிலக்கிழார்கள் பழைய மகாராஜாவுக்குத்தான் வரி கட்டினார்கள். அவர்களை அகற்ற முடியவில்லை. அதேபோல் மொகலாயரைச் சார்ந்தவர்கள் கூச்பிகார் எல்லைக்குள் சில இடங்களைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். 1713-இல் ஏற்பட்ட உடன்பாடு இருந்ததை இருந்தபடியே ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்தில் இதனால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. நிலம் யாருக்கு வரி கட்டுகிறது என்பது ஒரு கணக்குப்பிள்ளை விஷயம். சந்தைக்குப் போகிறவனை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

தொந்தரவு 1947-க்குப் பின் வந்தது. ரங்கபூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கூச்பிகார் சமஸ்தானம் 1949-இல் இந்தியாவோடு இணைந்து, 1950 ஜனவரி 1 முதல் மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டமாயிற்று. கணக்குப்பிள்ளையின் கோடு சர்வதேச எல்லையாகிவிட்டது. 1952-இல் பாஸ்போர்ட், விசா முறை வந்தபோது சாவி பூட்டில் திரும்பியது என்பேன். ஏனென்றால், சிட்டுக்குள் இருப்பவன் பாஸ்போர்ட் வாங்கத் தன் நாட்டு அலுவலகத்துக்குப் போகவேண்டும். போவதற்கு அயல்நாட்டு நிலத்தைத் தாண்டவேண்டும். தாண்டுவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். இதைவிட நன்றாக ஒரு பூட்டைச் செய்ய முடியுமா?

வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், சுமார் 17,160 ஏக்கர். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள், சுமார் 7,110 ஏக்கர். துண்டுக்குள் துண்டும் உண்டு. டஹலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல், இரண்டு ஏக்கர்கூடத் தேறாது. அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசக் கிராமம். அந்தக் கிராமத்தைச் சுற்றி இந்தியத் துண்டு. அதையும் சுற்றி வங்கதேசம். உலகத்திலேயே இப்படி மூன்று சுற்றுக்குள் இருந்த நிலம் அது ஒன்றுதான். வெங்காயம் உரித்த மாதிரி என்று நான் சொன்னபோது அந்த டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "படத்திலே வெங்காயம், பாபு. உள்ளே இருக்கிறவனுக்குக் கண்ணிலே தண்ணி" என்றார் வங்காளியில். அவருடைய மைத்துனர் குடும்பம் ஒரு சிட்டில் இருந்தது.

அங்கே மின்கம்பி போகாது. ஒரு சிட்டின் மேலாகப் போனாலும் கீழே இறங்காது. போலீஸ் வராது. ஆகவே திருடு போனால் புகார் கொடுக்க இடமில்லை. பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளை வெளியே பள்ளியில் சேர்க்கவேண்டுமானால் பக்கத்து இந்தியக் கிராமத்தில் யாராவது ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண் வேறொருவரைப் புருஷன் என்று சொல்லித்தான் கட்டிலில் படுக்க முடியும். இரவல் நகை கேள்விப்பட்டிருக்கிறோம். இரவல் அப்பாவை அங்கேதான் கேள்விப்பட்டேன்.

தீன்பிகா என்ற இடத்தையும் பார்த்தேன். டஹகிராம் அங்கர்போதா என்ற பெரிய வங்கதேசத் துண்டுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தியத் தரை, 178 மீட்டர் நீளம், 85 மீட்டர் அகலம். 1992 ஜூன் 26 முதல் அதன் வழியாக வங்கதேசத்தவர் போய்வர இந்தியா அனுமதித்தது. ஆரம்பத்தில் பகலில் மட்டும், ஒரு மணி நேரம் அவர்களுக்கு, ஒரு மணி நேரம் நமக்கு. நான் போனபோது கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மணி அடிப்பதற்காகக் காத்திருந்தார். வீடு அவர் கண்ணுக்குத் தெரிகிறது. 178 மீட்டரை நடந்து கடக்க மூன்று நிமிஷம் போதும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பிரோஸ் கான் நூனும் பேசி முடித்தார்கள். அதில் பேருபாரி என்ற ஊரைப் பிரித்துக் கொடுப்பதும் சேர்ந்திருந்ததால் எதிர்ப்பு கிளம்பிற்று. நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1974 மே 16-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் மறுபடி ஒப்பந்தம் செய்தார்கள். வங்கதேசம் அதே ஆண்டில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. நாம் கொடுக்க 41 ஆண்டுகள் ஆயின. மாற்றிக்கொண்டால் நமக்குப் பத்தாயிரம் ஏக்கர் நஷ்டம் என்பது முக்கியமான ஆட்சேபம். எந்தப் பத்தாயிரம் ஏக்கர்? நம் தபால்காரர்கூடப் போக முடியாத பத்தாயிரம் ஏக்கர்! ஏட்டில் இருந்த நிலத்துக்காக நாட்டில் இருந்த மனிதர்களை நாற்பது வருஷம் காக்க வைத்தோம் என்றே நான் நினைக்கிறேன். என் நண்பர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் மேக்ளிகஞ்சு போனதில்லை.

கடைசியில் நூறாவது அரசியல் சட்டத் திருத்தம் 2015-இல் நிறைவேறி, ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. 2011-இல் இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த கணக்குப்படி இரண்டு பக்கத் துண்டுகளிலும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். எந்த நாடு வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளிலிருந்து ஒருவர்கூட வெளியேறவில்லை. இருந்த இடத்திலேயே இந்தியரானார்கள். அந்தப் பக்கத்து இந்தியத் துண்டுகளிலிருந்து ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இங்கே வந்தார்கள். அப்படி வந்தவர்களைத் தின்ஹாட்டா, மேக்ளிகஞ்சு, ஹல்திபாரி முகாம்களில் தகரக் கொட்டகைகளில் வைத்தார்கள். 2016 சட்டசபைத் தேர்தலில் சிட் மக்கள் முதல்முறையாக ஓட்டுப்போட்டார்கள். டஹகிராம் மட்டும் இன்னும் வங்கதேசத்துக்கே சொந்தமான துண்டாக இருக்கிறது. அந்த வழி 2011 முதல் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது.

இதுவரை படித்தவர்கள் என்க்ளேவ் என்றால் சிறை என்று முடிவு கட்டிவிடலாம். அங்கேதான் நம் ஊர் வரலாறு குறுக்கே வருகிறது.

புதுச்சேரியை நாம் ஒரே நகரமாக நினைக்கிறோம். புதுச்சேரி மாவட்டம் இன்றும் ஒட்டாத பல துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. காரைக்காலுக்கும் மாகேக்கும் கடற்கரை உண்டு. ஆந்திரத்துக்கு நடுவே கோதாவரிக் கரையில் இருக்கும் யானத்துக்கு அதுவும் இல்லை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி, மதகடிப்பட்டும் புதுச்சேரி, அப்புறம் வளவனூர் தமிழ்நாடு. வழியில் உள்ள சாராயக் கடைகளின் நெருக்கத்தைப் பார்த்தே எந்த ஆட்சிக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பிரெஞ்சுத் துண்டுக்குள்தான் 1908-இல் பாரதியார் வந்து சேர்ந்தார். 'இந்தியா' பத்திரிகையும் இங்கே வந்தது. 1910 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் முதலில் சந்திரநாகூருக்குப் போனார். அதுவும் வங்காளத்துக்கு நடுவில் ஒரு பிரெஞ்சுத் துண்டு. அங்கிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதி புதுச்சேரி வந்தார். வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டு வந்தார். ஆங்கிலேயரின் வாரண்டு எல்லைக் கல்லோடு நின்றது. கூச்பிகாரில் மனிதர்களை அடைத்த அதே மாதிரிக் கோடு இங்கே அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது.

ஆனால் அடைக்கலமும் அடைப்புதான் என்பதைப் பாரதியார் பத்து வருஷத்தில் கண்டார். 'இந்தியா' பத்திரிகை எல்லைக்கு வெளியே போகத் தடை வந்து, வாசகர்களை இழந்து, 1910-இல் நின்றது. கடிதங்களை வழியில் பிரித்தார்கள். ஒற்றர்கள் தெருவிலேயே குடியிருந்தார்கள். 1918 நவம்பரில் இனிப் போதும் என்று எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள். அரவிந்தரோ 1950-இல் மறையும் வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. ஒரே ஊர்தான். ஒருவருக்கு மூச்சு முட்டியது, ஒருவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

சாவி யார் கையில் என்ற கேள்வி சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போனது தாத்ரா, நகர் ஹவேலி விவகாரத்தில். கடலோர தாமனிலிருந்து உள்நாட்டில் இருந்த தாத்ராவுக்குப் போகப் போர்ச்சுகீசியர் நம் நிலத்தைக் கடக்கவேண்டும். 1954-இல் அங்கே மக்கள் எழுச்சி ஏற்பட்டபோது இந்தியா வழியை மூடிற்று. போர்ச்சுகல் ஹேக் நகரத்துக்கு வழக்குக் கொண்டுபோனது. 1960 ஏப்ரலில் தீர்ப்பு: சாதாரண மக்களும் சிவில் அதிகாரிகளும் சரக்கும் போக உரிமை உண்டு, படைக்கும் போலீசுக்கும் ஆயுதத்துக்கும் கிடையாது, இந்தியா செய்ததில் தவறில்லை. இந்தியாவோடு சேர்வதற்கு 1961-இல் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருந்ததால், பத்லானி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை ஒரே ஒரு நாள் அந்தப் பகுதியின் பிரதமராக்கினார்கள் என்பது தனிக்கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சூழ்நிலம் எனலாம் என்று முதலில் நினைத்தேன். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் சூழ்ந்திருக்கும் நிலமா, சூழப்பட்ட நிலமா என்ற குழப்பம் வருகிறது. நம் ஊர்ப் பத்திரங்களில் 'உட்கடை' என்று எழுதுவார்கள். அது ஒரு கிராமத்துக்குள் அடங்கிய சிற்றூர். ஆட்சி வேறல்ல. சோழர் கல்வெட்டுகளில் உத்திரமேரூரைக் காலியூர்க் கோட்டத்துத் 'தன்கூற்று' ஊர் என்பார்கள். சுற்றியுள்ள நாட்டில் சேராமல் தானே ஒரு கூறாக நின்ற ஊர் அது. கம்பீரமான சொல்தான், ஆனால் அதில் பூட்டு இல்லை.

என் மனம் 'அடைநிலம்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. (சாப்பிடும் அடை ஞாபகத்துக்கு வந்தால் மன்னிக்கவும். அவியலோடு நன்றாக இருக்கும்.) அடை என்ற வேரிலிருந்து அடைத்தல் பிறக்கிறது, கதவை அடைக்கிறோம். அடைதல் பிறக்கிறது, கரையை அடைகிறோம். அடைக்கலமும் அதே வேர்தான். பிரெஞ்சுச் சொல்லில் சாவி மட்டும் இருக்கிறது. நம் வேரில் உள்ளே போட்டுப் பூட்டியதும் இருக்கிறது, ஓடி வந்து சேர்ந்ததும் இருக்கிறது. நம் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "அடைத்த நிலமா, அடைந்த நிலமா? விரித்துச் சொல்லுங்க சார்" என்று மடக்கினார். வினைத்தொகை ஐயா, காலம் மறைந்திருக்கிறது என்றேன். "காலம் மறையலாம். செய்தவன் யாரு, பட்டவன் யாருன்னு மறையக்கூடாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் என் சொல்லை நான் விடவில்லை. சிட் மக்களைக் கேட்டால் ஒன்றைச் சொல்வார்கள், பாரதியாரைக் கேட்டால் 1908-இல் ஒன்றும் 1918-இல் ஒன்றும் சொல்லியிருப்பார். எந்த அடை என்பது கேட்கும் ஆளைப் பொறுத்தது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது அத்தைக்கே போன் செய்தேன். என்க்ளேவுக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவர்கள் பிறந்தது திருபுவனைப் பக்கம், பிரெஞ்சு ஆட்சியில். தாத்தாவுக்கு வீடு பிரெஞ்சிலே, நிலம் இங்கிலீஷிலே என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நடுவில் சுங்கச் சாவடி. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று வாக்களித்து, நவம்பர் 1-இல் ஆட்சி மாறும் வரைக்கும் அந்தக் கெடுபிடி இருந்தது. அப்போது அத்தைக்குப் பத்து வயது இருக்கும்.

நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்கள். "அதுக்குத்தான் இத்தனை பெரிய பேரா?" என்றார்கள். பிறகு அவர்களாகவே ஆரம்பித்தார்கள். "தினம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கிட்டு நான்தான் போவேன். சாவடியிலே ஒரு மீசைக்காரன் இருப்பான். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டச் சொல்லுவான். என்னைக்கும் கூழுதான் இருக்கும். தினம் திறப்பான், தினம் மூடுவான். ஒருநாள் போறேன், சாவடியிலே ஆளையே காணும். எனக்குப் பழக்கம் பாரு, நின்னு தூக்குச்சட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டே இருந்தேன். பின்னாலே வந்த பெரியப்பாதான், 'ஏ புள்ளே, யாருக்குக் காட்டறே, போ'ன்னாரு."

கல்யாணப் பத்திரிகை 'காலனி' என்று போட்ட விலாசத்தோடு ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. பின்கோடு சரியாக இருந்தது.